காய்ந்த வாயுவில் எல்லாச் சவ்வும் நல்ல சவ்வுதான்

கரியமில வாயுவைப் பிரிக்க எந்த மெம்பிரேன், அதாவது சவ்வு, நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி உங்கள் வாயு ஈரமா காய்ந்ததா என்பதுதான். பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். தெரிவுத்திறன் (ஒரு வாயுவை இன்னொன்றைவிட எத்தனை மடங்கு எளிதாக விடும் என்பது) எவ்வளவு, மணிக்கு எவ்வளவு ஓடும், அதைச் சொல்லுங்கள் போதும் என்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சில வருடங்கள் ஆய்வகத்தில் உள்ளங்கை அகலத் தாள்களாக ஊற்றிச் சோதித்து, அப்புறம் ஒரு பயோகேஸ் லைனில் ஹாலோ ஃபைபர் மாட்யூல் (உள்ளே குழாய்போன்ற சவ்வு இழைகள் அடைத்த உருளை) ஒன்றை மாட்டி அதோடு மல்லுக்கட்டியபின் எழுதுகிற மதிப்புரை இது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, சிலதைக் கெடுத்து, ஒன்றிரண்டை உடைத்தும் பார்த்தவன் என்பதுதான் என் தகுதி.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. கரியமில வாயுவின் மூலக்கூறு 0.33 நானோமீட்டர், நைட்ரஜன் 0.364, மீத்தேன் 0.38. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மொத்தப் பிழைப்பும். ஆனால் பாலிமர் சவ்வைச் சல்லடை என்று நினைத்தால் தப்பு, அதில் நிரந்தர ஓட்டை எதுவும் கிடையாது. வாயு முதலில் சவ்வுக்குள் கரைகிறது, பிறகு பாலிமர் சங்கிலிகள் அசையும்போது திறந்து மூடுகிற இடுக்குகளில் தாவித் தாவி மறுபக்கம் போய்ச் சேர்கிறது. 1866-இலேயே தாமஸ் கிரஹாம் ரப்பர் தாளை வைத்து இதைச் சொல்லிவிட்டார். கரியமில வாயுவுக்கு இதில் இரட்டை லாபம்: உருவம் சிறியது, அதோடு எளிதில் திரவமாகும் குணமும் உண்டு. அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத வெப்பநிலை, 31 டிகிரி செல்சியஸ், மீத்தேனுக்கு மைனஸ் 82, நைட்ரஜனுக்கு மைனஸ் 147. திரவமாக ஆசைப்படுகிற வாயு பாலிமருக்குள் கரையவும் ஆசைப்படும்.

அடுத்தது அலகு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாயு எவ்வளவு எளிதாக ஊடுருவுகிறது என்பதை அளக்க இரண்டு அலகு: பேரர் என்பது பொருளின் குணம், ஜிபியு என்பது கையில் இருக்கிற சவ்வின் குணம். ஒரு மைக்ரான் தடிமனில் ஒரு பேரர் இருந்தால் ஒரு ஜிபியு. நான் ஊற்றும் தாள் 60 மைக்ரான், பொருள் 100 பேரர் என்றால் எனக்குக் கிடைப்பது இரண்டு ஜிபியுகூட இல்லை. அதே பொருளை 0.1 மைக்ரானாக மெலிதாக்க முடிந்தால் ஆயிரம் ஜிபியு. ஆக பேரர் எண்ணைக் காட்டி விற்கிறவரிடம், எத்தனை மைக்ரானில் ஓட்டையில்லாமல் செய்ய முடிகிறது உங்களால் என்று கேளுங்கள், பேச்சு அப்படியே வேறு பக்கம் திரும்பிவிடும். பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஊசித்துளை இருந்தாலே போதும், வாயு எல்லாம் அது வழியாகவே ஓடி, தெரிவுத்திறன் தரைமட்டமாகிவிடும்.

அந்த ஊசித்துளைப் பிரச்சினையை வைத்துத்தான் பாலிசல்ஃபோனின் கதையே. 1980 வாக்கில் மான்சாண்டோ நிறுவனம் பிரிசம் என்ற பெயரில் பாலிசல்ஃபோன் இழைகளை ஹைட்ரஜன் மீட்புக்குக் கொண்டுவந்தபோது, ஹெனிஸும் டிரிபோடியும் கண்டுபிடித்த தந்திரம், இழையின் மேல் மெல்லிய சிலிகோன் பூச்சு கொடுத்து ஓட்டைகளை அடைப்பது. சிலிகோன் ஒன்றும் பெரிதாகப் பிரிக்காது, ஓட்டையை அடைத்தால் போதும், மிச்ச வேலையைப் பாலிசல்ஃபோன் பார்த்துக்கொள்ளும். இன்றும் என் தாள் ஒழுகினால் நான் செய்வது அதைத்தான். பொருளாகப் பார்த்தால் பாலிசல்ஃபோன் சுமார் ரகம், 5.6 பேரர், மீத்தேனுக்கு எதிராக 22 தெரிவுத்திறன். மலிவு, உறுதி, தொந்தரவில்லாதது. பழகிப் பார்க்க வாங்கலாம், அவ்வளவுதான்.

செல்லுலோஸ் அசிட்டேட் இந்தத் தொழிலின் பெரியவர். லோப், சௌரிராஜன் இருவரும் கடல்நீரைக் குடிநீராக்கச் செய்த சவ்வு இது, 1980-களிலிருந்து இயற்கை எரிவாயு ஆலைகளில் கரியமில வாயுவை நீக்க ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் தெரிவுத்திறன் 30 என்று இருக்கும். உண்மையான எரிவாயு, உயர் அழுத்தம், கூடவே கனமான ஹைட்ரோகார்பன்கள் என்று வந்துவிட்டால் 12, 15 என்று இறங்கிவிடும். அப்படியும் இத்தனை வருடங்களாக யாரும் தூக்கிப் போடவில்லை என்றால் காரணம், அந்த 12 அடுத்த வருடமும் ஏறக்குறைய 12-ஆகவே இருக்கும் என்பதுதான். எனக்கு இந்த மாதிரி ஆள்தான் பிடிக்கும்.

இதோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தண்ணீரில் நனைந்தபடி வந்த தாளை, அவசரத்தில், மேசை மேல் இரவு முழுக்க அப்படியே காய விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் பால் வெள்ளையாக இருந்த தாள் ஓரங்கள் சுருண்டு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் துண்டாகக் கிடக்கிறது. அழகாகத்தான் இருந்தது. சோதனைச் செல்லில் (தாளை இறுக்கி வாயு விடும் கூட்டில்) மாட்டி வாயுவைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை, சோப்புக் குமிழி மீட்டரில் குமிழி நகரவே இல்லை. தண்ணீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை உள்ளே இருந்த நுண்துளைகளையெல்லாம் நசுக்கி ஒட்டவைத்துவிட்டது. தண்ணீரை முதலில் ஐசோபுரோப்பனாலால் மாற்றி, அதை ஹெக்சேனால் மாற்றி, அப்புறம்தான் காயவிட வேண்டும். இந்தச் சவ்வின் மேல் திரவ நீர் படுவதும் போவதுமாக இருந்தால் என்ன ஆகும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

இப்போது பாலிஇமைடு. மாட்ரிமிட் என்ற பெயரில் கிடைக்கிற தூளைக் கரைத்து ஊற்றினால் தேன் நிறத்தில் தாள் கிடைக்கும், கையில் பிடித்தாலே விறைப்பாக நல்ல தரமாகத் தெரியும். 10 பேரர், மீத்தேனுக்கு எதிராக 35. செல்லுலோஸ் அசிட்டேட்டைவிட வெப்பம் தாங்கும். ஆனால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போங்கள், அப்போது குணம் தெரியும். 2 பாரில் ஆரம்பித்தேன், ஏற ஏற ஊடுருவு திறன் மெல்லக் குறைந்தது, அது பாடத்தில் உள்ளதுதான். 12 பார் தாண்டியதும் குறைவது நின்று ஏற ஆரம்பித்தது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், அடடா அதிகமாக ஓடுகிறதே என்று. அது சந்தோஷப்படுகிற விஷயமில்லை. கரியமில வாயு பாலிமருக்குள் அளவுக்கு மீறிக் கரைந்து சங்கிலிகளை இளக்கிவிட்டது, இனி மீத்தேனும் கூடவே உள்ளே நுழையும். பிளாஸ்டிசைசேஷன் என்பது இதுதான். அழுத்தத்தை இறக்கினாலும் தாள் பழைய நிலைக்கு உடனே திரும்பாது, சில நாள் அந்த நினைப்பிலேயே இருக்கும். தனித்தனி வாயுவை விட்டு அளந்தால் இந்தக் கோளாறு பாதி தெரியாது, ஏனென்றால் மீத்தேனை மட்டும் விடும்போது இளக்குவதற்கு உள்ளே கரியமில வாயு இல்லை. கலவையாக விட்டு, கலவையில் எது எவ்வளவு என்று காட்டும் குரோமட்டோகிராஃபில் இரண்டு பக்கமும் அளந்தால்தான் உண்மை வெளியே வரும்.

இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் பாலிஇமைடு ஹாலோ ஃபைபர் மாட்யூல் வாங்கினோம். கை நீளக் குழாய்க்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள், இரண்டு முனையிலும் எப்பாக்ஸி ஊற்றி அடைத்து, முனையைச் சீவித் திறந்திருப்பார்கள். அந்தச் சீவிய முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும், நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பேன். விற்றவர் பெயர் வேண்டாம். அவர் கொடுத்த டேட்டா ஷீட்டில் பெரிய எழுத்தில் தெரிவுத்திறன், பொடி எழுத்தில் அடிக்குறிப்பு: தனி வாயு, உலர், 25 டிகிரி. நம்முடையதோ பயோகேஸ். அதில் மீத்தேன் 55-60 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, கூடவே நீராவி, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கொஞ்சம் சிலோக்சேன் என்கிற சிலிக்கான் சேர்மம். ஓட விட்டபோது ஷீட்டில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கலவை வாயுவில் குறையத்தான் செய்யும்.

பொறுக்க முடியாதது ஆறாவது வாரம் நடந்தது. ஓட்டம் நாளுக்கு நாள் குறைந்தது. அழுத்தம் சரி, வெப்பம் சரி, வால்வு சரி. கடைசியில் மாட்யூலைக் கழற்றி நுழைவு வாயில் விரலை விட்டுத் தடவினால் விரல் பிசுபிசுக்கிறது. கம்பிரசர் எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத மூடுபனியாகப் போய் இழைகளின் மேல் படிந்திருக்கிறது. விற்றவரைக் கேட்டால், உங்கள் வாயு சரியில்லை சார், கோலசிங் ஃபில்டர் (எண்ணெய் மூடுபனியைத் துளியாகச் சேர்த்துப் பிடிக்கும் வடிகட்டி) போட்டிருக்க வேண்டும் என்றார். சரிதான், போட்டிருக்க வேண்டும். ஆனால் அதை வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டாமா, கையேட்டில் ஒரு வரிகூட இல்லையே என்றால் பதில் இல்லை, அதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதும் குறைந்துவிட்டது. நைட்ரஜன் விட்டுச் சில நாள் ஊதியும் பழைய ஓட்டம் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு மாட்யூலைப் பலி கொடுத்து, வரிசையைக் கற்றுக்கொண்டேன்: முதலில் கரி நிரப்பிய தொட்டியில் சல்ஃபைடும் சிலோக்சேனும் போக வேண்டும், அழுத்தியபின் குளிர்வித்துத் தண்ணீரை வடிக்க வேண்டும், எண்ணெய்க்கு ஃபில்டர், அதற்கப்புறம் சில டிகிரி சூடாக்கி, நீராவி துளி கட்டத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைக்கு மேலே தூக்கி வைத்து, பிறகுதான் சவ்வு. இந்தச் சூடாக்குகிற படியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். குளிர்வித்துவிட்டோமே என்று நேராகச் சவ்வுக்கு அனுப்பினால், குழாயில் ஒரு மூலை கொஞ்சம் ஆறினாலும் அங்கே துளி கட்டும், அந்தத் துளி எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது மாட்யூல் இந்த வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒழுங்காக ஓடுகிறது, மூன்றாவது வருடம். நீராவி கரியமில வாயுவைவிட வேகமாக ஊடுருவிப் போய்விடுவதால் வெளியே வரும் மீத்தேன் நன்றாகக் காய்ந்து வருகிறது, இது நான் எதிர்பார்க்காத போனஸ். குறை என்றால் மீத்தேன் இழப்பு. ஒரே கட்டத்தில் சுத்தமான மீத்தேன் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கரியமில வாயுவோடு கணிசமான மீத்தேனும் மறுபக்கம் நழுவிவிடும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிற வாயுவை இப்படிக் காற்றில் விட்டுவிட்டு, பசுமை எரிபொருள் என்று பெயர்ப்பலகை மாட்டினால் அது யாரை ஏமாற்ற? இரண்டாம், மூன்றாம் கட்டம் போட்டு, நழுவியதைத் திருப்பி கம்பிரசருக்கு அனுப்பினால் இழப்பை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். மாட்யூலும் மின்சாரமும் அதற்கேற்பக் கூடும். ஒற்றைக் கட்ட அமைப்பை விற்க வருகிறவர் இழப்பு எண்ணைத் தானாகச் சொல்ல மாட்டார், வாயைத் திறந்து கேளுங்கள்.

பெபாக்ஸ் 1657 என்கிற பாலிமருக்கு வருகிறேன், இது என் செல்லம். வெள்ளை மணிகளாக வரும். எத்தனால் எழுபது பங்கு, தண்ணீர் முப்பது பங்கு, 80 டிகிரியில் ஆவி வெளியே போகாமல் கிளறினால் கரைந்துவிடும். குளோரோஃபார்ம், என்எம்பி மாதிரி விஷத்தோடு பழக வேண்டியதில்லை, அதற்காகவே பாதி மதிப்பெண் கொடுப்பேன். ஒரே நிபந்தனை, ஆற விடக்கூடாது. ஒரு ஃபோன் பேசிவிட்டு வந்தேன், குடுவைக்குள் தயிர் மாதிரி உறைந்திருந்தது. மறுபடி சூடாக்கினால் கரையும், பயம் வேண்டாம். டெஃப்லான் தட்டில் ஊற்றி, மேலே புனலைக் கவிழ்த்து, தட்டு மட்டமாக இருக்கிறதா என்று குமிழ் மட்டம் வைத்துப் பார்த்து விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் 40 மைக்ரான், மறுபக்கம் 80. இதில் அறுபது சதவீதம் பாலிஎத்திலீன் ஆக்சைடு, மிச்சம் நைலான். ஈதர் ஆக்சிஜன்களுக்குக் கரியமில வாயு மேல் தனிப் பிரியம், அதனால் நைட்ரஜனுக்கு எதிராக 50-ஐ ஒட்டித் தெரிவுத்திறன் வரும். புகைபோக்கி வாயுவுக்கு இந்தக் குடும்பம்தான் சரி. மீத்தேன் வேலைக்கு எடுக்காதீர்கள், அங்கே இதன் தெரிவுத்திறன் பாலிஇமைடுக்குக் கீழே.

புகைபோக்கி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நிலக்கரி உலைப் புகையில் கரியமில வாயு 13 சதவீதம் போல இருக்கும், அழுத்தமும் கிடையாது. அழுத்தியோ மறுபக்கம் வெற்றிடம் இழுத்தோ சவ்வின் இரு பக்க அழுத்த விகிதத்தை 5 ஆக்கினீர்கள் என்று வையுங்கள், மறுபக்கம் கிடைக்கும் செறிவு 13-இன் ஐந்து மடங்கு, அதாவது 65 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. சவ்வின் தெரிவுத்திறன் 50 ஆனாலும் 500 ஆனாலும் இதே வரம்புதான். அதனால்தான் அமெரிக்காவின் எம்டிஆர் நிறுவனம் தன் போலாரிஸ் சவ்வில் தெரிவுத்திறனை 50-இல் வைத்துக்கொண்டு, ஓட்டத்தை ஆயிரம் ஜிபியுவுக்கு ஏற்றியது. தெரிவுத்திறன் 300 என்று விளம்பரம் செய்கிற சவ்வைப் புகைக்கு வாங்கினால் காசு வீண்.

பிம்-1 பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 2004-இல் மான்செஸ்டரில் பட், மெக்கியோன் குழுவினர் கொண்டுவந்த பாலிமர். சங்கிலி கோணல்மாணலாக, மடங்கவும் முடியாமல் விறைத்து நிற்பதால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளத் தெரியாது, உள்ளே ஏகப்பட்ட காலியிடம். ஆரம்ப அளவீடுகளில் கரியமில வாயுவுக்கு 2300 பேரர், மாட்ரிமிட்டின் பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊடுருவு திறன் கூடினால் தெரிவுத்திறன் குறையும் என்று காட்டி ராப்சன் 1991-இல் போட்ட எல்லைக்கோட்டை 2008-இல் மேலே தள்ளி மறுபடி வரைய வைத்ததில் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு. தாளும் பார்க்கப் பளீரென்ற மஞ்சள், புற ஊதா விளக்கில் வைத்தால் ஒளிரும். முதல் வாரம் எண்களைப் பார்த்து நான் சும்மா மிதந்தேன். தாளை உறையில் போட்டு இழுப்பறையில் வைத்துவிட்டு, சில மாதம் கழித்து அதே தாளை அதே செல்லில் மாட்டினால் பாதிகூட இல்லை. யாரும் தொடவில்லை, அது பாட்டுக்கு இழுப்பறையில் கிடந்து கிழமாகிவிட்டது. காலியிடங்கள் மெல்ல மெல்ல அமுங்கிவிடுகின்றன. மெத்தனாலில் ஊற வைத்தால் இளமை திரும்பும், திரும்பிய நாளிலிருந்தே மறுபடி மூப்பும் தொடங்கும். இதைவிடக் கொடுமை, தாள் மெலிதாக ஆக மூப்பு வேகமாகிறது. தொழிற்சாலைக்குத் தேவை மெலிதான படலம்தானே. ஆகவே பிம்-1 எண்ணை யார் காட்டினாலும் தாளின் வயதும் தடிமனும் என்ன என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து, கரியமில வாயுவோடு வினைபுரியும் அமீன் தொகுதிகள் கொண்ட சவ்வுகள், குறிப்பாகப் பாலிவினைல்அமீன் ரகம். தலைப்பை இந்த ஒரு இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஏனென்றால் காய்ந்த வாயுவில் இது சுத்த சோம்பேறி. ஈரம் வந்ததும் விழித்துக்கொள்ளும். கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறி, அமீனின் துணையோடு சவ்வைக் கடந்து, மறுபக்கம் பழையபடி வாயுவாகிறது. நைட்ரஜனுக்கு இந்தச் சலுகை கிடையாது. குறைந்த செறிவில் பிரமாதம். அழுத்தம் கூடினால் அமீன்கள் எல்லாம் ஏற்கெனவே பிடித்ததையே சுமந்துகொண்டிருக்க, புதிதாக ஏற்ற இடமிருக்காது, லாபம் சரிந்துவிடும். என் அனுபவத்தில் பெரிய தலைவலி ஈரத்தைச் சமமாக வைத்திருப்பது. செல்லின் ஒரு ஓரம் காய்ந்தால் அங்கே சவ்வு தூங்கிவிடும், இன்னொரு ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் அங்கே வாயுவே போகாது. புகையில் சல்ஃபர் டை ஆக்சைடு மிச்சமிருந்தால் அமீனை அது வந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதம் முயன்றேன், இன்னொரு தடவை பொறுமை வரும்போது பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

மிச்சத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். பாலிமரில் சிஃப்-8 (ZIF-8) என்கிற நுண்துளைப் படிகத் தூளைக் கலந்து அற்புதம் செய்யலாம் என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. நானும் இருபது சதவீதம் கலந்து ஊற்றினேன், காய்வதற்குள் பாதித் தூள் தட்டின் அடியில் படிந்து, தாளின் ஒரு முகம் வழவழப்பு, மறுமுகம் உப்புத்தாள். சிஃப்-8-இன் வாசல் 0.34 நானோமீட்டர் என்று கணக்கு சொன்னாலும் அந்த வாசல் வளைந்து கொடுக்கும், மீத்தேனும் நுழைந்துவிடுகிறது. தூளுக்கும் பாலிமருக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அதுவும் ஓட்டைதான். சாபோ-34 மாதிரி சியோலைட் (நுண்துளைக் கனிமப் படிக) படலங்கள் காய்ந்த வாயுவில் அபாரம், ஈரத்தில் துளைகளைத் தண்ணீர் போய் ஆக்கிரமித்துக்கொள்ளும். பாலிஇமைடைக் காற்றில்லாமல் 500 டிகிரிக்கு மேல் கருக்கிச் செய்யும் கார்பன் சவ்வு, எண்களில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும். நான் செல்லின் திருகை இறுக்கும்போது டப் என்று ஒரு சத்தம் கேட்டது, அத்தோடு என் மதிப்புரையும் முடிந்தது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பயோகேஸுக்குப் பாலிஇமைடு இழை, பத்துக்கு எட்டு, முன்சுத்திகரிப்பு இல்லாமல் வாங்கினால் மூன்று. புகைக்குப் பெபாக்ஸ் குடும்பம் எட்டு. செல்லுலோஸ் அசிட்டேட் ஏழு, அதுவும் நம்பகத்துக்காக. அமீன் இப்போதைக்கு ஐந்து. பிம்-1 கட்டுரை எழுத ஒன்பது, ஆலைக்கு மூன்று. அந்த மஞ்சள் தாளை இன்னும் தூக்கிப் போடவில்லை, யாராவது ஆய்வகத்துக்கு வந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் காட்டுவேன். அந்த மாட்யூலை மறுபடி வாங்குவாயா என்று கேட்டால், கண்டிப்பாக வாங்குவேன். அதே ஆளிடம் இல்லை.